எண்ணெய் டின்னுக்கு அகன்ற வாய்

பெட்ரோல் டின் வாங்கும்போது முதலில் மூடியைத்தான் பார்க்க வேண்டும். திருகு மூடியாக இருக்க வேண்டும், உள்ளே ரப்பர் வளையம் இருக்க வேண்டும், கவிழ்த்துப் பிடித்தால் ஒரு சொட்டுக்கூடக் கசியக் கூடாது. கண்ணாடிப் போத்தல் ஆகவே ஆகாது. மண்ணெண்ணெய் வந்த பழைய தகரமும் வேண்டாம். அடியில் தங்கும் துரு இயந்திரத்தை அடைத்துவிடும்.

1952இல், மலாயாவில் ஈஜோக் பக்கம் எங்கள் தோட்டத்தில் கிழட்டு ரப்பர் மரங்களைச் சாய்ப்பதற்காகத் துரை ஒரு சங்கிலி வாள் வாங்கினார். இரண்டு முனையிலும் ஆள் பிடிக்க வேண்டிய பெரிய சாமான். அதற்குப் பொறுப்பு வீரன். நான் ஸ்டோர்காரன், பெயர் கொர்னேலியஸ். டின் வாங்கும் வேலை என்னிடம் வந்தது. கோலசிலாங்கூர் கடையில் அரை நாள் நின்று பொறுக்கினேன். பெட்ரோலுக்கு ஒடுங்கிய வாய் வைத்த சிவப்பு டின். சங்கிலிக்கு விடும் எண்ணெய்க்குப் பச்சை டின், கை நுழையும் அளவுக்கு அகன்ற வாய். கெட்டி எண்ணெய்க்கு அதுதான் வசதி என்று துரையிடம் சொன்னேன். அது உண்மைதான்.

என் தம்பி ராஃபேல் அப்போது காட்டில் இருந்தான். கம்யூனிஸ்டுகளோடு போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அவசரகாலம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி, கேட்டில் போலீஸ். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறு கொண்டுபோக முடியாது. காட்டுக்கு அரிசி கொடுத்தவனைச் சிறையில் போடுவார்கள், இல்லாவிட்டால் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள்.

சைக்கிள் டியூபை ஒரு முழம் வெட்டி, அரிசி நிரப்பி, இரண்டு முனையையும் இறுகக் கட்டி, பச்சை டின்னுக்குள் அமிழ்த்தினேன். கேட்டில் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். கறுத்த எண்ணெய்க்குள் யார் கையை விடுவார்கள்?

வீரனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. “டின்னெல்லாம் மெசின் பக்கத்துல வைக்காத. தள்ளி, காட்டோரமா நெழல்ல வை. தீப்பொறி பட்டா எல்லாம் போச்சு” என்றேன்.

“நீங்க சொன்னா சரிதாண்ணே” என்றான்.

வாளில் முதல் நிரப்பு எண்ணெயை நானே ஸ்டோரில் ஊற்றிவிடுவேன். அது தீர்வதற்குள், வாள் போடும் இரைச்சலில் யார் காதிலும் விழாமல் ராஃபேல் வந்து டியூபை எடுத்துப் போய்விடுவான். வாரத்துக்கு ஒரு முறை, நான்கு மாதம். வீரன் அந்த டின்னை எந்த நாளும் வேறு இடத்தில் வைத்ததில்லை.

பிறகு ஒரு மத்தியானம் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி நாராயணசாமி ஸ்டோருக்கு வந்தார். “காட்டுல கெடச்ச அரிசியில எண்ணெ வாடையாம்யா. நாளைக்கு கேட்டுல டின்னு, வாளி எல்லாத்துக்குள்ளயும் கைய விட்டுப் பாப்பானுங்களாம்” என்றார்.

அன்று முழுவதும் எனக்கு நேரம் இருந்தது. மறுநாள் காலையில் எப்போதும்போல டியூபில் அரிசி நிரப்பி, டின்னில் போட்டு, வீரனிடம் கொடுத்தேன். கேட்டுவரை நானும் கூடப் போனேன்.

போலீஸ் சார்ஜன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு டின்னுக்குள் துழாவினார். எண்ணெய் வழிய டியூப் வெளியே வந்தது. வீரன் முதலில் சிரித்தான். யாரோ விளையாட்டுக்குப் போட்டது என்று நினைத்திருக்கிறான். டியூபைக் கிழித்ததும் அரிசி தரையில் கொட்டியது. அவன் என் பக்கம் திரும்பினான்.

“அண்ணே, நீங்கதானே நெரப்பிக் குடுத்தீங்க. சொல்லுங்கண்ணே.”

“நான் எண்ணெதான் ஊத்துனேன். அப்புறம் டின்னு ஒன் கையிலதானே இருந்துச்சு” என்றேன்.

அவனை லோரியில் ஏற்றும்போது, தன்னோடு வேலை செய்தவனைப் பார்த்து, “செவப்பு டின்ன வெயில்ல விட்றாத” என்று மட்டும் சொன்னான்.

அடுத்த வாரம் அவன் மனைவி நாகமணி கைப்பிள்ளையோடு ஸ்டோர் வாசலில் வந்து நின்றாள். “தொரகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. அவருக்கு ஒண்ண ஒளிச்சு வைக்கவே தெரியாது. நீங்க சொன்னா கேப்பாரு லா.”

“சொல்றேம்மா” என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். நான் சொல்லவில்லை. ஒரு வருஷம் உள்ளே வைத்திருந்துவிட்டு வீரனைக் கப்பலேற்றினார்கள். ஈஜோக்கில் பிறந்து ஈஜோக்கிலேயே வளர்ந்தவன் அவன். இந்தியாவில் அவனுக்குத் தெரிந்த ஒரு வாசல் கிடையாது. நாகமணி சுங்கை பெசாருக்குப் போய்விட்டாள் என்றார்கள். அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் நான் இன்றுவரை ஏறியதில்லை.

தம்பி பட்டினி கிடப்பானே, அதனால்தான் செய்தேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கோயிலில் பாவசங்கீர்த்தனத்திலும் அப்படித்தான் சொன்னேன். சாமியாரும் இரக்கப்பட்டார். அந்த இரக்கத்தை வாங்கிக்கொண்டு வந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கேட்டில் நடந்த சோதனைக்கு ஆறு நாள் முன்னால், போலீஸ் நிலைய வாசலில் மூன்று பிணங்களைக் கிடத்தி, அடையாளம் சொல்ல எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். நடுவில் கிடந்தவன் ராஃபேல். தெரியாது என்று சொன்னேன். தலைமாட்டில் அவனுடைய பை, அதில் பாதி அரிசி. கொடுத்தவனைப் பிடிக்காமல் இவர்கள் ஓயமாட்டார்கள் என்று அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அன்று காலை நான் நிரப்பிய அரிசியைத் தின்னக் காட்டில் எனக்கு யாரும் இல்லை. வீரன் பிடிபட வேண்டும் என்றுதான் நிரப்பினேன்.