அரண்டெல் காரின் பின்பக்கத்தை நான் அறுத்தது பற்றி

பெயர்: கசிமிர் வோய்டனெக் (காஸ் என்று கூப்பிடுவார்கள்). வயது: 58. தொழில்: ஹால்ப்ரூக் மோட்டார் கம்பெனியின் வடிவமைப்புக் கூடத்தில் களிமண் மாதிரி செய்பவன், இன்று காலை வரை. விலாசம்: கானிஃப் தெரு, ஹாம்ட்ராமிக், மிச்சிகன். நாள்: 1983 அக்டோபர் 12, புதன்கிழமை. நேரம்: பகல் ஒன்று பத்து. சார்ஜென்ட் மல்ரூனி அவர்கள் கேட்க, நான் சுயநினைவுடன் சொல்வதாவது:

நான் மேற்படி விலாசத்தில் மனைவியுடன் வசித்து வருகிறேன். ஹால்ப்ரூக் கம்பெனியில் முப்பத்தோரு வருடமாக வேலை. என்மேல் இதுவரை எந்த வழக்கும் கிடையாது. கம்பெனிச் சொத்தைத் திருடியதாக என்னைப் பிடித்திருக்கிறீர்கள். எடுத்தது உண்மை. ஆனால் திருட்டு என்று எழுதுவதற்கு முன்னால் முழுவதையும் கேட்டுவிட்டு எழுதுங்கள், ஐயா.

ஒரு கார் தகட்டில் வருவதற்கு முன்னால் அதே அளவில் களிமண்ணில் செய்வோம். மரச்சட்டத்தின் மேல் பூசிச் செதுக்கி, வெள்ளி நிறத் தாளை ஒட்டிவிட்டால் நிஜக் கார் நிற்கிறது என்றுதான் நினைப்பீர்கள். இடது பக்கத்தில் ஒரு வடிவமும் வலது பக்கத்தில் வேறொரு வடிவமும் செய்வது எங்கள் வழக்கம். நடுவில் கண்ணாடியை நிறுத்திப் பார்த்தால் அந்தந்தப் பாதி முழுக் காராகத் தெரியும். மேலதிகாரி ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு மற்றதைச் சுரண்டி, அதே மாதிரி செய்து, அப்புறம்தான் அளவெடுப்போம். இதில் இதுவரை நாங்கள் தவறியதே கிடையாது, எங்கள் கம்பெனியின் அரண்டெல் காருக்கு மட்டும்தான் தவறினோம்.

1979 மே மாதம் கம்பெனியின் வடிவமைப்புத் தலைவர் டக்ளஸ் பிரென்டிஸ் அரண்டெல் மாதிரியைப் பார்க்க வந்தார். அப்போது நாங்கள் சுவரோரம் நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. வலது பக்கத்தில் பின்புறம் பழங்காலக் குதிரை வண்டி போலச் சரிந்து இறங்கும். அதைப் பார்த்து, "ஆகா, இதுதான்யா ராஜா கார்!" என்றார். அதன் பிறகு இடது பக்கம் போனார். அது சாதாரண வடிவம், டிக்கி வாய் அகலமானது. "டிக்கி வாய் மட்டும் இதையே வெச்சிருங்க. என் கோல்ஃப் பை ரெண்டும் படுக்கணும்" என்றார். அதாவது சரிவு ஒரு காரிலிருந்து, வாய் இன்னொரு காரிலிருந்து. சுவரோரம் நின்ற முப்பது பேருக்கும் இது சேராது என்று தெரியும், எனக்கும்தான்.

அதன் பிறகு ஒரு பக்கத்தைச் சுரண்டிச் சரிசெய்ய மூன்று வாரம் கேட்டோம். இயக்குநர்களிடம் தேதி சொல்லியாகிவிட்டது, சுரண்ட வேண்டாம், இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளந்து காகிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போட்டார். அளவெடுத்து வரைபவர் ஹாரியட் லிண்ட்க்விஸ்ட், இப்போது வயது ஐம்பது. பத்தொன்பது வருடம் எனக்குப் பக்கத்து மேஜை. அவர் ஒரு வாரம் அளந்துவிட்டு, டிக்கி மூடியின் ஓரமும் தண்ணீர் வடியும் பள்ளமும் அரை அங்குலம் சேரவில்லை என்று வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதி, பிரென்டிஸிடம் கொண்டுபோய் நீட்டினார். நானும் கூடப் போயிருந்தேன்.

"சார், மழை பெய்ஞ்சா தண்ணி நேரா உள்ளதான் போகும்."

"ஏம்மா, கார் வாங்குறவன் கையில ஸ்கேலோடயா வரப்போறான்? ரப்பரை வெச்சு அடைச்சா போச்சு."

சொல்லிவிட்டு அந்தச் சிவப்பு எழுத்தை அவரே ரப்பரால் அழித்தார். தூளை ஊதித் தள்ளினார். வெளியே வந்ததும் ஹாரியட், "காஸ், பாத்துக்கிட்டே இரு, இது ஒருநாள் என் தலையிலதான் வந்து விடியும்" என்றார். நான் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அதன் பிறகு அரண்டெல் விற்பனைக்கு வந்தது. முதல் வருடம் ஊரே புகழ்ந்தது. நானும் ஒன்று வாங்கினேன், சாம்பல் நிறம். என் கை செய்த வளைவு என்று மாதா கோவில் வாசலில் எல்லோருக்கும் காட்டினேன். இரண்டு குளிர்காலம் போனதும் ரப்பர் சுருங்கி, டிக்கிக்குள் தண்ணீர் இறங்கியது. பிரேக் போட்டால் பின்னால் சளக் என்று சத்தம் கேட்கும். ஜனங்கள் அதற்கு மீன் தொட்டி என்று பெயர் வைத்தார்கள். தொலைக்காட்சியில் ஒருவன் டிக்கியில் தங்கமீன் விட்டுக் காட்டினான். முடிதிருத்தும் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "என்ன காஸ், மீனுக்குத் தீனி போட்டாச்சா?" என்று கேட்டார். கடை முழுக்கச் சிரித்தது.

அதன் பிறகு கம்பெனி விசாரணை வைத்தது. இந்த வருடம் மார்ச் 9ஆம் தேதி எங்கள் குழுவில் ஆறு பேரை அழைத்து ஒரு தாளை நீட்டினார்கள். மாதிரியின் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தன, லிண்ட்க்விஸ்ட் அளவெடுத்ததில்தான் பிழை என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் கூடத்தையே மூடிவிடுவோம் என்றார்கள். ஆறு பேரும் போட்டோம். மூன்றாவது கையெழுத்து என்னுடையது. யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மத்தியானமே ஹாரியட்டை வேலையிலிருந்து நீக்கினார்கள். வாசலில் காவலாளி அவருடைய பென்சில் டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். பத்தொன்பது வருடம் வேலை பார்த்த பெண்பிள்ளையை! நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அதன் பிறகு அவர் போன இடத்தில் எல்லாம், மீன் தொட்டிக்கு அளவெடுத்தவளா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது மருந்துக் கடையில் கல்லாவில் நிற்கிறார். தன் பெயரில் போட்ட பழியை நீக்கவேண்டும் என்று மாநிலத் தொழிலாளர் வாரியத்தில் முறையிட்டிருக்கிறார். விசாரணை நாளை காலை பத்து மணிக்கு.

அரண்டெலின் களிமண் மாதிரியை யாரும் சுரண்டவே இல்லை. நான்கு வருடமாகக் கிடங்கில் துணி போர்த்தி நிற்கிறது, இடது பக்கம் இடதாகவே, வலது பக்கம் வலதாகவே. நேற்று மாலை மேற்பார்வையாளர் வந்து, புதன்கிழமை அதை உரித்து அடுப்பில் போட்டு உருக்கிவிடுங்கள், வேறு காருக்குக் களிமண் வேண்டும் என்றார். இத்தனை வருடம் தேவைப்படாத களிமண் விசாரணைக்கு முந்தின நாள்தான் தேவைப்பட்டதா? இந்தக் கம்பெனிக்கு வெட்கம் என்பது கொஞ்சமாவது உண்டா?

எனவே இன்று காலை ஆறரை மணிக்கு வழக்கம்போல் வேலைக்குப் போய், அறுக்கும் கம்பியால் மாதிரியின் பின்புறத்தில் இடது மூலை ஒன்றும் வலது மூலை ஒன்றும் அறுத்து எடுத்து, கழிவு வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, என்னுடைய அரண்டெல் காரின் டிக்கியில் ஏற்றினேன். யாருடைய உதவியும் இல்லை. ஹாரியட்டுக்கு இது தெரியாது. அவர் வீட்டுக்குப் போகும் வழியில், மவுண்ட் எலியட் தெரு சிக்னலில் உங்கள் ஆட்கள் என்னை நிறுத்தினார்கள். நான் ஓடவில்லை.

கம்பெனி வக்கீல் முன் அறையில் உட்கார்ந்திருக்கிறார். களிமண்ணை இப்போதே கேட்கிறார் என்று தெரியும். என்மேல் என்ன வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள், ஆனால் நாளைக்கு முன்னால் அவர் கையில் அதைக் கொடுத்துவிடாதீர்கள். என் கார் உங்கள் முற்றத்தில்தான் நிற்கிறது. பதினோரு மணியிலிருந்து மழை பெய்கிறது. நான் சொல்வதை நம்ப வேண்டாம், டிக்கியைத் திறந்து, அந்த இரண்டு மூலையையும் சேர்த்து வைத்து நீங்களே பாருங்கள்; மாதிரியின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தது உண்மையானால் அவை பொருந்த வேண்டும். களிமண் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. அதில் மெழுகும் எண்ணெயும் கலந்திருக்கிறது, தண்ணீரில் கரையாது.

மேலே சொன்னது அனைத்தும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது, சரியாக இருக்கிறது. மார்ச் 9ஆம் தேதி நான் கையெழுத்திட்ட தாளில் இருப்பது பொய். இதில் இருப்பது உண்மை.

(ஒப்பம்) கசிமிர் வோய்டனெக்

பதிவு செய்தவர் குறிப்பு: வாக்குமூலம் முடிந்த பின் பகல் இரண்டு நாற்பதுக்கு, கம்பெனி வக்கீல் முன்னிலையில் மேற்படி காரின் டிக்கி என்னால் திறக்கப்பட்டது. உள்ளே மூன்று அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. களிமண் துண்டுகள் இரண்டும் கரையாமல் இருந்தன. துடைத்து மேஜைமேல் ஒன்றோடொன்று சேர்த்து வைத்து அளந்தேன். சேரவில்லை. இடைவெளி அரை அங்குலம். துண்டுகள் வழக்குச் சொத்தாக நிலையத்தில் வைத்துப் பூட்டப்பட்டன. நாளை காலை பத்து மணிக்கு அவற்றை நானே வாரியத்துக்கு எடுத்துச் செல்கிறேன்.

(ஒப்பம்) சார்ஜென்ட் டி. மல்ரூனி