கால் மூடாத கம்பளி

வாங்கப்பா, அடுப்புக்கிட்ட வந்து உக்காருங்க. என்ன, மூஞ்சியெல்லாம் ஒரு மாதிரி இருக்கு? கம்பளி கால் வரைக்கும் எட்டலையா? எட்டாது. இந்த மேக்காட்டூருல எந்த வீட்டுக் கம்பளியும் எட்டாது. ஏன்னு சொல்றேன், கேளுங்க. காப்பி அப்புறம்.

இந்த மலைக்குத் தார்ரோடு ஏறாத காலம். பழனியில இருந்து உப்பும் புளியும் குதிரை முதுகுல ஏறி வந்த காலம். அப்ப இந்த ஊருல சன்னாசின்னு ஒருத்தரு இருந்தாராம். எங்க பூட்டன்தான். பேருதான் சன்னாசி. கம்பளிய மட்டும் துறக்கவே மாட்டாரு. மார்கழி பொறந்துட்டா வெயிலு வாசப்படி ஏறுனப்புறந்தான் ஆளு எந்திரிப்பாரு. அவரு காலடியில ஒரு நாயி. வாயி கருப்பா இருக்கும், அதனால கருவாயன்னு பேரு. கம்பளிக்குள்ள சன்னாசி, காலடியில கருவாயன். ஊரே அப்படித்தான் சொல்லிச் சிரிக்குமாம்.

சும்மா வளத்த நாயில்ல அது. ஒருக்கா மூடுபனியில சன்னாசி வழி தப்பிப் பள்ளத்தப் பாத்து நடந்துட்டாராம். கருவாயன் வேட்டியக் கவ்விப் பின்னால இழுத்துச்சாம். "விடு சனியனே, வேட்டி கிழியுது"ன்னு திட்டிருக்காரு. பனி வெலகுனப்புறம் பாத்தா, அடுத்த அடி வெறும் ஆகாசம். அன்னையில இருந்து அவருக்கு அந்த நாயின்னா உசுரு.

ஒரு மார்கழியில பனின்னா பனி, புல்லு பூராம் வெள்ளையாக் கெடந்துச்சாம். வெளிய கட்டிப்போட்ட நாயில மூணு வெறைச்சே செத்துப்போச்சு. ஊரே அழுதுச்சாம். கருவாயனுக்கு மட்டும் ஒண்ணும் ஆகல. ஏன்? அதுதான் காலடியில கெடந்துச்சே. சன்னாசி நெஞ்ச நிமுத்திக்கிட்டு ஊருக்கே சொன்னாராம். "என்னையப் பாருங்கய்யா. நாய உள்ள கொண்டாந்து அடுப்போரமாப் போடுங்க. நல்லாக் களியக் கிண்டிப் போடுங்க. அசைய விடாதீக."

ஊரு கேட்டுச்சு. மறுவருசம் மார்கழியில அம்புட்டு நாயும் அடுப்போரம். தின்னுச்சு, தூங்குச்சு. மறுபடி தின்னுச்சு, மறுபடி தூங்குச்சு. மணியக்காரரு வீட்டு நாய்க்குப் பேரு புலி. அந்தப் புலி அடுப்ப விட்டு எறங்கவே இல்லையாம்.

காட்டுப்பன்னிக்குச் சேதி போகாம இருக்குமா? வெடியக்காலம் கூட்டமா வந்து உருளைக்கெழங்கு காட்டக் கெளறிப் போட்டுச்சு. ஆளுக கத்துனாக, தகரத்தத் தட்டுனாக. நாயிக தலையத் தூக்கிப் பாத்துச்சாம், அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துச்சாம். காலு பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கவே முடியல அதுகளுக்கு.

மணியக்காரரு ஊரக் கூட்டிட்டாரு. "கெழங்கு போச்சுன்னா தையில நமக்குக் கஞ்சி ஏது? தை ஒண்ணாந்தேதி குதிரைக்கார மொய்தீன் வாராரு. இந்தத் தின்னிப் பண்டாரங்களக் கீழ அனுப்பிட்டு வேற நாயி கொண்டாரச் சொல்லுவோம். மொத நாயி சன்னாசி வீட்டுது. அதுதான் எல்லாத்துலயும் பெருசு."

சன்னாசி கூட்டத்துக்கு நடுவுல வந்து நின்னாரு. "அய்யா, அது என் உசுரக் காப்பாத்துன நாயி. தை பொறக்க ஒம்போது நாளு கெடக்கு. அதுக்குள்ள ஓட வச்சுக் காட்டுறேன்."

"நீயா? நீ வெடியக்காலத்துல எந்திரிச்சு எவன் பாத்தான்?"ன்னாராம் மணியக்காரரு. சிரிப்புன்னா சிரிப்பு.

மொத நாளு. சன்னாசி கம்பளிக்குள்ள இருந்துக்கிட்டே, "போ கருவாயா, ஓடு"ன்னாரு. அது கொட்டாவி விட்டுச்சு. பொண்டாட்டி செவனம்மா பாத்தா. "படுத்துக்கிட்டே சொன்னா எது ஓடும்? நீங்க போனா அதுவும் போகும்." ரெண்டு பேரையும் வெளிய தள்ளிக் கதவச் சாத்திட்டா. "அந்தா தெரியுதுல்ல பாறை, அத ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. அப்பத்தான் காப்பி."

பனிமேல கால வச்சாரு. "ஆத்தீ!" கருவாயனும் ஒரு கால வச்சுச்சு, தூக்கிக்கிருச்சு. இன்னொரு கால வச்சுச்சு, அதையும் தூக்கிக்கிருச்சு. பாறை வரைக்கும் ரெண்டும் நொண்டி நொண்டிப் போயி நொண்டி நொண்டி வந்துச்சாம்.

ரெண்டாம் நாளு பாத்தா, நாயி வெரலிடுக்குல பனி கட்டிக் கட்டியா ஏறி, தோலு வெடிச்சிருக்கு. செவனம்மா வெந்நியில துணிய நனைச்சுத் தொடச்சு, நல்லா ஈரத்த ஒத்தியெடுத்து, வெளக்கெண்ணையத் தடவிவிட்டா. "நாளையில இருந்து போகும்போதும் எண்ணெ, வந்ததும் தொடப்பு"ன்னா. "எனக்கு?"ன்னாரு சன்னாசி. எண்ணெக் கிண்ணத்த அவரு பக்கமாத் தள்ளிவிட்டா.

மூணாம் நாளு சன்னாசி சாக்குல ஒரு சட்டை தச்சுப் போட்டுவிட்டாரு. போகும்போது நல்லாத்தான் இருந்துச்சு. புல்லுல உரசி உரசிச் சாக்கு நனைஞ்சு, வெறைச்சுப்போச்சு. நாயி கிடுகிடுன்னு நடுங்குது. வால உள்ள மடக்கிக்கிட்டுப் பாதி வழியிலயே உக்காந்துக்கிருச்சு. சன்னாசி சாக்கக் கழட்டி எறிஞ்சுட்டு, அதத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வீட்டுக்கு ஓடியாந்தாராம். என்னமோ ஆயிருமோன்னு அழுதுட்டாராம் மனுசன்.

"ஈரச் சாக்கப் போடுறதுக்கு வெறும் உடம்பே தேவல. கம்பளி வேணும் இதுக்கு"ன்னா செவனம்மா. அந்த வீட்டுல கம்பளின்னா ஒண்ணே ஒண்ணுதான். கல்யாணத்துக்கு மாமனாரு குடுத்தது. செவனம்மா அந்தக் கம்பளியப் பாக்கவே இல்ல.

சன்னாசி கம்பளியப் பாத்தாரு. கருவாயனப் பாத்தாரு. திரும்பவும் கம்பளியப் பாத்தாரு.

"ஏ புள்ள, அருவாள எடு"ன்னாராம்.

கால் பக்கம் முழத்துக்கும் மேல அறுத்துட்டாரு. செவனம்மாவுக்குச் சிரிப்பும் வருது, கண்ணுல தண்ணியும் வருது. நாயி முதுக மூடி, வயித்துல ரெண்டு நாடா வச்சுக் கட்டிவிட்டா. கழுத்துப் பக்கம் இறுக்காம, காலு ஓட இடம் விட்டு, அளவெடுத்துத் தச்சாளாம்.

அப்புறந்தான் வேடிக்கையே. அன்னைக்குப் படுத்தாரு பாருங்க, தலைய மூடுனாக் காலு வெளிய, கால மூடுனாத் தலை வெளிய. வெடியக்காலம் காலு ஜில்லுன்னு ஆகிப்போயி முழிப்புத் தட்டிருச்சு. படுக்கவும் முடியல. நடந்தாச் சூடு ஏறும்னு எந்திரிச்சிட்டாரு. நாலாம் நாளு அவருதான் கருவாயன எழுப்புனாராம்! அஞ்சாம் நாளு ரெண்டு சுத்து. ஆறாம் நாளு நடை போயி ஓட்டம். ஏழாம் நாளு அவரு, "நில்லு கருவாயா, மூச்சு வாங்குது"ன்னு பின்னால கத்திக்கிட்டு ஓடுறாரு.

பாத்த சனம் சும்மா இருக்குமா? ஒவ்வொரு வீட்டுக் கதவாத் தெறந்துச்சு. ஒவ்வொரு நாயா வெளிய வந்துச்சு. எட்டாம் நாளு புலியும் அடுப்ப விட்டு எறங்கிருச்சு.

ஒம்போதாம் நாளு, பொழுது வெளுத்து வருது. பன்னிக் கூட்டம் கெழங்குக் காட்டுல எறங்கிருச்சு. கருவாயன் ஒரு குரல் குடுத்துச்சு பாருங்க! கம்பளி பறக்கப் பாயுது முன்னால. ஊரு நாயி அம்புட்டும் பின்னால. ஒரு பன்னிகூடத் திரும்பி நின்னு பாக்கல. வேலியப் பிச்சுக்கிட்டுச் சோலைக்குள்ள போயிருச்சு.

மறுநாளு தை ஒண்ணு. மொய்தீன் குதிரைகளோட மேல ஏறி வந்தாரு. "எங்க மணியக்காரரே, கீழ கொண்டுபோற நாயி?"

மணியக்காரரு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, எளைக்க எளைக்கப் புலி பின்னால பாறையச் சுத்திக்கிட்டு இருந்தாராம். "நாயி ஒண்ணும் வேணாம்யா. அடுத்த நடைக்கு வெளக்கெண்ணெ கொண்டா, நெறையாக் கொண்டா"ன்னு ஓடிக்கிட்டே சொன்னாராம். அன்னைக்குச் சாயங்காலம் அவரே தன் கம்பளியக் கொண்டாந்து சன்னாசி முன்னால போட்டு, "எம்புட்டு அறுக்கணும், நீயே சொல்லப்பா"ன்னு கேட்டாராம். எங்க பூட்டன் அதுக்கப்புறம் ஒரு வாரம் தரையில நடக்கலையாம், அம்புட்டுப் பெருமை.

அன்னையில இருந்து இதுதான் வழக்கம். மொதப் பனி விழுகுற அன்னைக்கு ஒவ்வொரு வீட்டுலயும் கம்பளியில கால் பக்கம் அறுத்து நாய்க்குத் தைப்போம். பழசு கிழிஞ்சதுல இல்ல, நாம போத்திப் படுக்குற கம்பளியில. அந்தா நிக்குதே, அந்தப் பாறைக்குச் சன்னாசி சுத்துன்னு பேரு. மார்கழி பூராம் நாயி அதச் சுத்தி வராம இந்த ஊருல யாரும் காப்பி குடிக்கிறதில்ல.

இப்பத் தெரியுதா கம்பளி ஏன் எட்டலன்னு? காலு ஜில்லுன்னு இருக்குல்ல? நல்லது. வெளக்கெண்ணெ அந்த மாடத்துல இருக்கு, எடுத்துக்கங்க. கருவாயன் வம்சத்துக் குட்டி வாசல்ல நின்னு வால ஆட்டுது பாருங்க. எந்திரிங்கப்பா, ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. நான் அடுப்புல பாலு வைக்கிறேன்.