தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும்

நீங்கள் இந்த அறைக்குள் வரும்போது கதவைத் தட்டவில்லை. குறையாகச் சொல்லவில்லை, ஐயா. விசாரிக்கும் இடத்தில் அந்த வழக்கம் இருக்காது. எங்கள் ஸ்பாவில் அதுதான் முதல் பாடம். மெதுவாக இரண்டு தட்டு, பிறகு காத்திருக்க வேண்டும். உள்ளிருந்து "வாங்க" என்று குரல் வந்தால்தான் கைப்பிடியைத் தொடலாம். அது எனக்கு எவ்வளவு ஊறிப்போய்விட்டது என்றால், வேலை முடிந்து போனதும் என் அறைக் கதவையும் தட்டிவிட்டுத்தான் பூட்டைத் திறப்பேன். உள்ளே யாரும் கிடையாது.

விருந்தினர் கேட்காமல் நாம் வாய் திறக்கக் கூடாது. தழும்பு கண்ணில் பட்டால் படாதது போல இருந்துவிட வேண்டும். கண் மூடியிருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. விருந்தினர்களுக்கும் விதிகள் உண்டு. குளித்துவிட்டு வர வேண்டும், போனை வெளியே வைத்துவிட வேண்டும். ஆனால் அவர்கள் மறந்தால் நாங்கள் புன்னகையோடு விட்டுவிடுவோம். "சூடு தெரியணும், கை தெரியணும், ஆள் தெரியக் கூடாது" என்பார் மேனேஜரம்மா. எனக்கு அது சிரமமாகவே இல்லை.

துண்டு துவைக்கும் அக்கா மட்டும் சீண்டுவார். "உனக்கு வாய்னு ஒண்ணு இருக்கா, இல்ல மூக்குக்குக் கீழ சும்மா கோடு போட்டு விட்டுட்டாங்களா?"

பல் டாக்டரம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். கிளினிக்கை மூடிவிட்டு ஓய்வில் இருந்தவர். வாரம் ஒரு மத்தியானம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார். குப்புறப் படுத்ததுமே பேச ஆரம்பித்துவிடுவார். மசாஜ் மேஜையில் முகம் பதிக்க ஒரு திறப்பு உண்டு. அவர் குரல் அதன் வழியாகத் தரைக்கு இறங்கி, என் கால்பக்கத்திலிருந்து கேட்கும்.

"காலம் பூரா வாயத் திறங்க, வாயத் திறங்கன்னே சொல்லிக்கிட்டு இருந்தேன். திறந்த ஒருத்தனும் ஒரு வார்த்தை பேசல. எப்படிப் பேசுவான்? பாதி வாய்ல பஞ்சு, மீதி வாய்ல என் கை."

நான் சிரிக்கக் கூடாது. அதனால் அவர் தோளில் விரல்களை ஒரு நொடி நிறுத்தினேன். அது சிரிப்பு என்று அவருக்குப் புரிந்தது.

அவர் கணவர் இறந்துபோன விதம், மகளோடு வந்த சண்டை, பிறகு சமாதானம், எல்லாம் எனக்குத் தெரியும். நானும் என் விஷயங்களை அவரிடம் மறைத்ததில்லை. எங்கள் வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டுப் போனது, ஞாயிற்றுக்கிழமைகள் எவ்வளவு நீளமாக இருக்கும் என்பது, எல்லாமே. வாயால் சொல்லவில்லை, முதுகில் கையால் சொன்னேன். என் கை அழுத்தம் குறைந்த வாரங்களில் அவரும் பேச்சைக் குறைத்துக்கொள்வார். கேட்டுக்கொண்டிருந்தார் என்றுதானே அர்த்தம்?

அன்று படுத்தவுடன் சொன்னார். "அடுத்த வாரம் வர மாட்டேம்மா. மக வீட்டோட போறேன். இத்தன வருஷம் இந்த ஊர்ல பேச எனக்கு ஒரு ஆள் கிடையாது, தெரியுமா? அங்க பேரப் புள்ளைங்க இருக்கு. இனி பொழுது போயிரும்."

"நல்லதும்மா" என்றேன். அவர் கேட்டதால் சொன்னேன்.

எழுந்தபோது என் கன்னத்தைத் தட்டினார். "ரொம்ப நல்ல கை உனக்கு. ஆமா, உன் பேரு என்ன?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் நீராவி அறைக்குள் போய்விட்டார்.

எனக்குக் கோபம் இல்லை. அவருக்குச் சூடு பிடிக்கும் என்று நீராவியைக் கூட்டி வைத்தேன். அந்த அறைக் கதவு வெளிப்பக்கம் திறப்பது; துண்டு வண்டியைக் கொண்டுவந்து அதை ஒட்டி நிறுத்தினேன். அதன் சக்கரத்தில் ஒரு கட்டை இருக்கிறது, மிதித்தால் வண்டி அசையாது. கால் தெரியாமல் பட்டிருக்குமா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை. குனிந்து பார்த்துத்தான் மிதித்தேன்.

நீராவி அறைக்குள்ளே அழைப்பு மணிக்கு ஒரு பொத்தான் உண்டு. மணி என் மேசையில்தான் ஒலிக்கும். ஒலித்தபோது அதன் மேல் ஒரு துண்டை மடித்து வைத்தேன். பக்கத்து அறையில் வேறொருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

துண்டு துவைக்கும் அக்கா கூடையோடு அந்தப் பக்கம் வந்தார். "வண்டிய யாருடி இங்க நிறுத்துனது? உள்ள ஆள் இருக்கா?"

"இருக்காங்க. கண்ண மூடிப் படுத்திருக்காங்க. எழுப்பாதீங்க."

"அடேயப்பா! வாய் திறந்துருச்சு!" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. எழுதும்போது அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகுதான் கதவு தட்டப்பட்டது. முதலில் வேகமாக, ஒழுங்கில்லாமல். அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கதவுக் கண்ணாடியில் அவர் கை மங்கலாகத் தெரிந்தது, பல் பிடுங்கிய கை, சின்னதாக. பிறகு நிதானமாகிவிட்டார். மெதுவாக இரண்டு தட்டு. நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். மறுபடி இரண்டு தட்டு.

என் கதவை அதுவரை யாரும் அப்படித் தட்டியதில்லை, ஐயா. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன். தட்டுவது நின்ற பிறகு, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே குரலில், "வாங்க" என்றேன்.

அவர்தான் வரவில்லை.