பூச்சு காயும்வரை

குளியலறைக்கு மரச்சுவர் வைப்பது என் யோசனை இல்லை. என் மனைவி ஏதோ ஒரு விடுதியில் பார்த்துவிட்டு வந்து ஆசைப்பட்டாள். செய்துகொடுத்தால் வாய்விட்டு ஒரு வார்த்தை பாராட்டுவாள் என்று நானும் ஆசைப்பட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய பாராட்டெல்லாம் அவள் அப்பாவுக்கே போய்க்கொண்டிருந்தது.

மரத்துக்குள் தண்ணீர் இறங்கவிடக் கூடாது. பலகையை அடிப்பதற்கு முன்பே பின்பக்கமும் ஓரங்களும் வார்னிஷ் பூசிவிட வேண்டும். அடித்த பிறகு இடுக்குகளைச் சிலிக்கானால் அடைத்து, முன்பக்கத்தைத் தேய்த்து, பூசி, காயவிட்டு, மறுபடியும் தேய்த்துப் பூச வேண்டும். எல்லாவற்றையும் நானே செய்தேன். மாமனார் மேற்பார்வை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று எங்களோடு இருந்தார், அவருக்கும் பொழுது போக வேண்டாமா?

"மாப்பிள்ளை, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? தெரிஞ்ச ஆளா பாத்துக் கூப்பிட்டிருக்கலாம்" என்பார். பிறகு ஈரப் பூச்சில் விரலை வைத்து, "இன்னும் காயல" என்று கண்டுபிடித்துச் சொல்வார். தடம் விழுந்த இடத்தை நான் உப்புத்தாளால் தேய்த்து மறுபடி பூசுவேன். சாயங்காலம் மகளிடம், "அவரால முடிஞ்சத பண்றாரு, விடும்மா" என்று எனக்காகப் பரிந்து பேசுவார். தங்கமான மனிதர். அவள் சிரிப்பாள். அப்போது எனக்கு வயிறு எரியும், இதில் மறைக்க என்ன இருக்கிறது?

கடைசிப் பூச்சு வாங்கியபோது பெயிண்ட் கடைக்காரர் சொன்னார்: "தூசி படாம பாத்துக்கங்க சார். ஜன்னல், கதவெல்லாம் தொறந்தே வைங்க. இந்த நெடி ஆளையே சாய்ச்சிடும்."

இரண்டையும் சேர்த்து எப்படிக் கடைப்பிடிப்பது? நான் தூசி படாமல் பார்ப்பதைத் தேர்ந்தெடுத்தேன். பூசி முடித்ததும் ஜன்னலில் பிளாஸ்டிக் தாளை ஒட்டினேன். மிச்சப் பூச்சு இருந்த டப்பாவைத் திறந்தபடி உள்ளேயே விட்டேன். மூடியைக் காணவில்லை. அது என் சட்டைப் பையில் இருந்ததை உங்கள் ஆட்கள்தான் கெட்டிக்காரத்தனமாகக் கண்டுபிடித்தார்கள்.

மனைவி வேலைக்குப் போயிருந்தாள். "மாமா, முடிஞ்சிடுச்சு. அந்தக் கடைசி மூலைய மட்டும் நல்லா பாத்துச் சொல்லுங்க" என்று நான்தான் அவரை அழைத்தேன். குறை சொல்லக் கூப்பிட்டால் வராமல் இருப்பாரா? அவருக்கு மூச்சிழுப்பு உண்டு. இன்ஹேலர் ஹாலில் மேசைமேல் இருந்தது. அதை நான் ஒளித்துவைக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் உள்ளே போனதும் கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். திறந்திருந்தால் தூசி வரும்.

தட்டினார். இருமினார். "மாப்பிள்ளை, கதவத் தொறங்க" என்றார். "காயட்டும் மாமா" என்று மரியாதையாகத்தான் பதில் சொன்னேன். பிறகு ஒரே ஒரு முறை "தம்பி" என்றார். அப்படி அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. மனசு கொஞ்சம் இளகியது. அதற்காக வேலையைப் பாதியில் கெடுத்துக்கொள்ள முடியுமா?

சத்தம் நின்ற பிறகும் உடனே திறக்கவில்லை. ஆமாம், அவர் சாகட்டும் என்றுதான் தாழ்ப்பாள் போட்டேன், அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். பூச்சு காய்ந்ததும் திறந்தேன். சுவர் எப்படி வந்திருக்கிறது என்று நீங்களும் பார்த்தீர்கள். வாளி வாளியாக ஊற்றினாலும் ஒரு சொட்டு உள்ளே இறங்காது.

என் மனைவிதான் இன்னும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அழுது முடித்ததும் சொல்வாள்.