அண்ணன் சொன்ன பேட்டரி

இல்லம்மா, அந்தக் கதை மேல எனக்கே பல வருஷமா சந்தேகம்தான். நானே நம்பாத ஒண்ணை உங்களை நம்பச் சொல்ல எனக்கு என்ன அருகதை இருக்கு? கேட்டுட்டீங்க, அதனால சொல்றேன். ஐயோ, அந்த நட்டை முழுசா கழட்டிடாதீங்க. லூஸ் மட்டும் பண்ணுங்க. ஆங், போதும். சக்கரம் தரையில இருக்கும்போதே லூஸ் பண்ணிடணும், ஜாக்கியெல்லாம் அப்புறம். போன கிளாஸ்ல நான் மொதல்லயே ஜாக்கி போட்டுத் தூக்கிட்டேன். நட்டைத் திருப்பினா சக்கரமும் சேந்து சுத்துது. நமக்குக் கார் ரிப்பேர் சொல்லிக் குடுக்கற ஸ்பேனர் அக்கா பாத்துட்டு, என்ன சார், ராட்டினம் விடறீங்களான்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும்தான்.

எனக்கு பேட்டரி மாமான்னு பேரு வெச்சிருக்கீங்கன்னும் தெரியும். பரவால்லம்மா. ஆஃபீஸ்ல வெச்சிருக்கற பேருக்கு இது எவ்வளவோ தேவலாம்.

இந்த வயசுல எதுக்குப்பா லைசென்ஸுன்னு பொண்ணு கேட்டா. வீட்டுக்காரி ஒருபடி மேல. நீங்க வண்டிய ஓட்டறதை விடத் திறந்து வெச்சுப் பாக்கறதுதான் அதிகம்ங்கறா. நெசம்தான். காலையில பானெட்டைத் திறந்து ஒரு தடவை பாக்கலன்னா எனக்கு இருப்பே கொள்றதில்ல. ஆயில் குச்சியை எடுத்துப் பாப்பேன், தொடைச்சு உள்ள விடுவேன், மறுபடியும் எடுப்பேன். ராத்திரி முழுக்க நின்ன வண்டியில ஆயில் எங்கம்மா போயிடப் போகுது?

அந்த ஸ்பேனரைக் குடுங்க, இந்த நட்டு கொஞ்சம் முரண்டு புடிக்குது.

எங்க குடும்பத்துலயே மொத மொதல்ல கார் வாங்கினது எங்க அண்ணன்தான். அப்ப எல்லாரும் ஒரே வீட்டுல இருந்தோம். அவருக்கும் அப்பாவுக்கும் பேச்சு நின்னு போயிருந்த நேரம். அண்ணன் தனிக்குடித்தனம் போறேன்னாரு, அப்பா போனா திரும்பி வராதேன்னாரு. அதுக்கப்புறம் நடுவுல நான்தான் தபால்காரன். ஃபேனைக் குறைக்கச் சொல்லுன்னு அவரு, குறைச்சாச்சுன்னு சொல்லுன்னு இவரு. ஒரே ரூமுக்குள்ளம்மா!

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு எந்திரிச்ச அப்பா நெஞ்சைப் புடிச்சுக்கிட்டாரு. சட்டையெல்லாம் வேர்வை. அண்ணன் சாவியைத் தூக்கிக்கிட்டு கீழ ஓடினாரு. நானும் அம்மாவும் அப்பாவைக் கைத்தாங்கலா மாடிப்படி வரைக்கும் கொண்டாந்துட்டோம். கீழ வண்டிச் சத்தம் கேக்கும், கேக்கும்னு நிக்கறோம். கேக்கவே இல்ல. அப்பா படியிலயே உக்காந்துட்டாரு. ரொம்ப நேரம் கழிச்சு அண்ணன் ஏறி வந்தாரு. பேட்டரி செத்துப் போச்சுடாங்கறாரு. நான் தெருவுல செருப்பில்லாம ஓடி ஒரு வாடகை வண்டியப் புடிச்சேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உயிர் இருந்துச்சு. டாக்டர் கையைப் புடிச்சுப் பாத்துட்டு, கொஞ்சம் முன்னாடி வந்திருந்தீங்கன்னான்னு ஆரம்பிச்சாரு. அம்மா முகத்தைப் பாத்து நிறுத்திட்டாரு. அவரு முடிக்காத பேச்சை இத்தனை வருஷமா நான்தான் முடிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

இருங்க, இன்னும் கேளுங்க. மறுநாள் காலையில அண்ணனோட டிரைவர் வந்தாரு. தினமும் அவரை ஆஃபீசுக்குக் கூட்டிட்டுப் போறவரு, ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு. விஷயம் கேட்டு அழுதுட்டு, ஊர்லேருந்து வர்ற அத்தையக் கூட்டிட்டு வரணும்னு சொன்னதும் போய் வண்டில உக்காந்தாரு. ஒரே திருப்பு. ஸ்டார்ட் ஆயிடுச்சு. நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன். செத்த பேட்டரி ராத்திரியோட ராத்திரியா எப்படிம்மா பொழைக்கும்?

கேக்கல. எப்படிக் கேக்கறது? வேணும்னேதான் எடுக்காம விட்டியான்னு கூடப் பொறந்தவரைப் பாத்து எப்படிக் கேப்பீங்க? அதுலயும் எனக்குக் காரைப் பத்தி ஒரு எழவும் தெரியாது. பேட்டரி முன்னாடி இருக்கா பின்னாடி இருக்கான்னுகூடத் தெரியாது. நான் தப்பா நெனைக்கறேனோ, யார் மேலயாவது பழியப் போடணும்னு மனசு தேடுதோன்னு என்னையே திட்டிக்குவேன். ரெண்டு நாள் நல்லாருக்கும். மறுபடியும் அந்த ஸ்டார்ட் ஆன சத்தம் காதுல கேக்கும். அண்ணன் சீக்கிரமே தனியாப் போயிட்டாரு. கல்யாணம் காட்சின்னா பாத்துக்குவோம். வெயில் ஜாஸ்தியா இருக்குல்லன்னு பேசிக்குவோம். மழைக்காலத்துலயும் அதையேதான் பேசினோம்.

ஜாக்கிய இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க. அடியில காடி மாதிரி ஒரு வெட்டு தெரியுதுல்ல, அதுக்கு நேரா.

ம், அதுக்குத்தான் இந்த கிளாஸ். நானா தெரிஞ்சுக்கலாம்னு. மொத நாளே கேட்டேன், செத்த பேட்டரி மறுநாள் தானா எந்திரிக்குமான்னு. ஸ்பேனர் அக்கா சொன்னாங்க, எந்திரிக்கலாம் சார், ஒயர் மாட்டற எடத்துல லூஸா இருந்தா அப்படித்தான் கண்ணாமூச்சி காட்டும்னு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? வாசல்ல போய் நின்னு ஒரு மூச்சு அழுதேன். நீங்க சளியான்னு கேட்டீங்க, ஞாபகம் இருக்கா? ஆனா அந்த நிம்மதியும் நிக்கல. லூஸா இருந்தா இப்படி ஆகும், சரி. அன்னிக்கு லூஸா இருந்துச்சான்னு யாரு சொல்றது? அதான் வாரா வாரம் பேட்டரி, பேட்டரின்னு அவங்க உசுரை எடுத்தேன்.

போன வாரம் என்ன ஆச்சுன்னா, மருந்துக் கடை வாசல்ல வண்டிய நிறுத்திட்டுத் திரும்பி வர்றேன். சாவியப் போட்டா திரும்ப மாட்டேங்குது. துளிகூட அசையல. பின்னாடி ஒருத்தன் ஆரன் அடிச்சே கொல்றான். என்னை அறியாம வாய் விட்டுச் சொல்றேம்மா, சாவியே திரும்பல, பேட்டரி செத்துப் போச்சுன்னு. சொன்ன அடுத்த நிமிஷம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா அது என் பேச்சே இல்ல. அன்னிக்கு மாடிப்படியில அண்ணன் சொன்ன பேச்சு. அட்சரம் மாறாம அதேதான். பேட்டரின்னு மட்டும்தான் எனக்கு மனசுல நின்னுச்சு, அதுக்கு முன்னாடி அவரு சாவியே திரும்பலன்னு சொன்னதை விட்டுட்டேன்.

உங்களுக்குப் புரிஞ்சிருச்சு பாருங்க! பேட்டரி செத்தாலும் சாவி ஜம்முனு திரும்பும், என்ஜின்தான் பேசாது. இதுதானே மொத கிளாஸ் பாடம்?

ஸ்பேனர் அக்காவுக்கு போன் போட்டேன். அவங்க சிரிக்கறாங்க. ஸ்டீயரிங் பூட்டிக்கிச்சு சார், ஒரு கையால அதை லேசா ஆட்டிக்கிட்டே சாவியத் திருப்புங்கன்னாங்க. கடக்குனு திரும்பிருச்சு. புதுசா ஓட்டறவங்க எல்லாரும் ஒரு தடவை இதுல முழிப்பாங்க சார், நாலு நாள் ஓட்டினா கை தானா பண்ணிடும்னாங்க. நான் வண்டிய எடுக்கல. பின்னாடி இருந்தவன் எறங்கி வந்து திட்டினான், அப்பவும் எடுக்கல. அப்படியே உக்காந்து யோசிக்கறேன். அண்ணன் அந்தக் காரைத் துணி வெச்சுத் துடைச்சது ஞாபகம் இருக்கு. சாயங்காலமானா உள்ள உக்காந்து ரேடியோ கேட்டது ஞாபகம் இருக்கு. வீட்டுக்கு வர்றவங்க கிட்ட, மலைப்பாதையில நானே ஓட்டிட்டுப் போனேன்னு அளந்தது ஞாபகம் இருக்கு. அதைக் கேட்டு அப்பா முகத்துல ஒரு சிரிப்பு வரும், அதுகூட ஞாபகம் இருக்கு.

புடிங்க, சக்கரம் கழண்டு வருது. கனமா இருக்கும், கால் மேல போட்டுக்காதீங்க. அப்படிச் சுவர்ல சாத்துங்க.

இல்ல, இனிமே பேட்டரி பத்திக் கேக்க மாட்டேன். நேத்து அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். முட்டி வலின்னு காலை நீட்டி உக்காந்திருந்தாரு. அண்ணி டீ வெச்சுட்டு உள்ள போயிட்டாங்க. என்னடா, கார் படிக்கப் போறியாமேன்னு சிரிச்சாரு. ஆமாண்ணேன்னேன். வெயில் ஜாஸ்தியா இருக்குல்லன்னாரு. நான் பக்கத்துல போய் உக்காந்து, அவரு முட்டி மேல கைய வெச்சுக் கேட்டேன். அண்ணே, அப்பாவுக்கு முடியாமப் போச்சே, அன்னிக்கு உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமாண்ணே?