நீலக் கேனில் ஊற்றியது

பழைய டிராக்டருக்கு எந்தப் பெட்ரோல் நல்லது என்று கேட்டால், எத்தனால் கலக்காததை ஊற்றுங்கள் என்பேன். எத்தனால் கார்புரேட்டரின் ரப்பரைத் தின்றுவிடும். அதோடு, ஈயத்துக்கு மாற்றாக விற்கும் திரவத்தில் ஒரு மூடி. அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது, வால்வு தேயாமல் காத்தது. அயோவாவின் இந்தப் பக்கத்தில் இருபத்தாறு வருடமாக எல்லாரும் இதை என்னிடம்தான் கேட்டார்கள். வேறு எதற்கும் என்னை யாரும் தேடி வந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மெர்ல் ஹைஸ்மன் என் தங்கை டோரிஸின் கணவன். நல்லவன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். ஆகஸ்டில் பழைய டிராக்டர் கண்காட்சிக்குத் தன் எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தான்.

"பாத்துக்கோங்கப்பா, பதினோரு வருஷமா வெறும் பெட்ரோல்தான். வால்வு கண்ணாடி மாதிரி இருக்கு. எங்க மச்சானோட சொட்டு மருந்து ஒரு துளி விடல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் சொன்னது சரி என்பதுதான் எனக்கு வலித்தது. மெதுவாக ஓடும் எஞ்சினுக்கு அது தேவையே இல்லை. அதன்பின் என் வீட்டுத் தொலைபேசி ஒலிக்கவே இல்லை.

ஜனவரியில் அவனுக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை. வண்டி ஓட்டக் கூடாது. "மச்சான், மண்ணெண்ணெய் தீந்துபோச்சு. டவுனுக்குப் போனா நம்ம கேன ரொப்பிட்டு வந்துடேன்" என்றான்.

"சரி மாப்ள" என்றேன்.

எங்கள் ஊரில் சிவப்புக் கேன் பெட்ரோலுக்கு, நீலக் கேன் மண்ணெண்ணெய்க்கு. நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். அதனால்தான் நீலக் கேனை யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை. நான் அதில் பெட்ரோல் பிடித்தேன்.

என் எண்ணம் சின்னது. அவனிடம் இன்னொரு டிராக்டர் உண்டு, பெட்ரோலில் கிளம்பி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடுவது. மண்ணெண்ணெய் டேங்கில் பெட்ரோல் போனால் எஞ்சின் உள்ளே டொக்டொக்கென்று தட்டும், கெட்டுப்போகும். காரணம் புரியாமல் என்னிடம் வந்து கேட்பான். எனக்கு அது போதும். அவன் பட்டறையில் குளிருக்கு எரிக்கும் மண்ணெண்ணெய்க் கணப்பை நான் நினைக்கவில்லை.

அவன் கேனைக் கணப்பில்தான் ஊற்றினான். பற்றவைத்ததும் வெடித்தது, அவன் பிழைக்கவில்லை. காப்பி கொண்டுபோன டோரிஸ், கதவுக்கு இப்பால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவளுக்காக நான் மிகவும் வருந்துகிறேன்.

இதையெல்லாம் விசாரணை அதிகாரி வீகர்ஸிடம் சொன்னேன். சின்னப் பெண், பொறுமையாக எழுதிக்கொண்டாள்.

"எனக்கு டிராக்டர் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. நீங்க விவரம் தெரிஞ்சவரு, அதான் கேக்கறேன். அந்த டேங்க்ல பெட்ரோல் ஊத்தினா நெஜமாவே எஞ்சினுக்கு என்ன ஆகும்?"

பேனாவைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தாள். ஐந்து மாதமாக யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. தப்பாகச் சொல்ல மனம் வரவில்லை.

"ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன். "முன்னவிட நல்லாவே ஓடும்."