தலையணை மேல் நாற்பது டிகிரி

மத்தியானம் பன்னிரண்டரை மணி. முள்ளக்காட்டைத் தாண்டி உப்பளத்துக்குள் இறங்குகிற மண் ரோடு. இந்தப் பக்கமும் மரம் கிடையாது, அந்தப் பக்கமும் கிடையாது. பாத்தியில் வேலை செய்கிறவர்கள் விடியுமுன் வந்து, வெயில் ஏறுவதற்குள் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் அந்த ரோட்டில் ஒரு நிழல் விழுந்தால் அது நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும்...

பேய் என்றால் ராத்திரிதான் என்று யார் உங்களுக்குச் சொன்னது? நம் பக்கத்தில் உச்சிப் பொழுதுக்குத்தான் பிள்ளைகளை வெளியே விட மாட்டார்கள். ஜெப்ஸி, இன்னும் கொஞ்சம் இப்படித் தள்ளி உட்கார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் யாரும் இல்லை, நான் பார்த்துவிட்டேன். கரண்ட் வர எப்படியும் நேரமாகும், டிரான்ஸ்பார்மர் வெடித்த சத்தம் கேட்டதே. ஏசி ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் யாராவது இந்த மொட்டைமாடிக்கு வந்திருப்பீர்களா? அதை நினைத்தபோதுதான் எனக்கு இது ஞாபகம் வந்தது.

என் சிநேகிதன் சுடலைராஜின் மச்சானுக்கு நடந்தது. பெயர் சிவப்பிரகாஷ். ஏசி, ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஏசி மெக்கானிக் எவன் மேலும் நம்பிக்கை கிடையாது. வீட்டுக்கு வருவதற்கு முன்பே, போனிலேயே, 'கேஸ் இல்ல' என்று சொல்லுகிற கூட்டம். ஆனால் இதைச் சொல்லும்போது அவன் என் முகத்தையே பார்க்கவில்லை. ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துச் சொன்னான். அதனால் நம்பினேன்.

அவனைக் கூப்பிட்டவர் அய்யாக்குட்டி. உப்பு வியாபாரம். உப்பளத்துக்கு நடுவே தனி வீடு. ஒரே மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். வீட்டில் அவரும் மனைவி சண்முகவடிவும்தான். அந்த வடிவு பங்குனியில் ஒரு நாள் காணாமல் போனாள். லாரி டிரைவர் ஒருவனோடு ஓடிவிட்டாள் என்று அய்யாக்குட்டியே ஊருக்குச் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாராம். புருஷனே மானத்தை விட்டுச் சொல்லும்போது யார் சந்தேகப்படுவார்கள்? நான் பட்டிருப்பேன். எந்த டிரைவர், எந்த லாரி... ஒருத்தரும் கேட்கவில்லை. உப்பளத்தில் வேலை செய்கிற பிச்சம்மாள், தான் கண்ணால் பார்த்த மாதிரி அதை வீடு வீடாகக் கொண்டுபோனாள்.

நம்பாதவள் ஒருத்திதான். வடிவின் தங்கை அனுசியா. சாயர்புரத்தில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறாள். அக்கா ஓடிப்போன பேச்சால் அவள் மகளுக்குப் பேசி முடித்த சம்பந்தம் நின்று போனது. அத்தான் வீட்டுக்கு விசாரிக்கப் போனவளிடம், ஓடிப்போனவள் தங்கச்சிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டு அய்யாக்குட்டி கதவைச் சாத்திவிட்டார். அவள் கடை ஃப்ரிட்ஜைப் பார்க்கிறவன் சிவப்பிரகாஷ். அய்யாக்குட்டி வீட்டில் ஏசி வேலை என்று அவன் பேச்சுவாக்கில் சொன்னதும் அவனுடைய பையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, எங்க அக்கா ஓடிப் போறவ இல்ல. கடைக்குப் போனாலே எனக்குப் போன் போட்டுச் சொல்லிட்டுப் போறவ. நீ அந்த வீட்டுக்குள்ள போவேல்லா... அவ அங்கன இருக்காளா, இல்லையா. அத மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு."

சரி என்று சொல்லிவிட்டான். அப்படித்தான் அந்த மத்தியானத்தில் அந்த ரோட்டில் போனான்.

தூரத்திலேயே கம்ப்ரஸர் உறுமும் சத்தம். சுற்றிலும் வேறு சத்தமே இல்லை. அய்யாக்குட்டி வாசலில், கொதிக்கிற வெயிலில், செருப்பில்லாமல் நின்றார்.

"நீயும் கேஸ் இல்லன்னுதான சொல்லப் போற. மொதல்ல வந்தவன் கேஸ் அடிச்சான். அடுத்தவன் போர்டு மாத்துனான். இருவத்தாறுல வச்சிருக்கேன், நிக்கவே மாட்டேங்கு. ராப்பகலா ஓடுது."

"யாரும் இல்லாத ரூம்தான அண்ணாச்சி. ஆஃப் பண்ணிற வேண்டியதான?"

அவர் இவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆஃப் பண்ணுனா வீடு கொதிக்கு," என்றார்.

ஹாலில் ஒரு பாய், ஒரு தலையணை. அவர் படுப்பது அங்கே. அப்படியானால் படுக்கையறையில் ஏசி யாருக்கு? சிவப்பிரகாஷுக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது. அறைக்குள் போனான். அவர் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

உள்ளே ஐஸ் பிளாண்ட் மாதிரி குளிர். ஜன்னல் கண்ணாடி வியர்த்து வடிந்தது. வாடை... தலைவலித் தைலமும், காய்ச்சல்காரர் நாள்கணக்காகப் படுத்து எழுந்த துணியின் புளிப்பும். கட்டிலில் இரண்டு தலையணை. ஒன்றில் மட்டும் குழி. ஏணியைப் போடுகிற சாக்கில் சுற்றிலும் பார்த்தான். கொடியில் சேலை இல்லை. கட்டிலடியில் பெண்பிள்ளைச் செருப்பு இல்லை. கண்ணாடி மேசையில் ஒரு பொட்டு, ஒரு கொண்டையூசி இல்லை. போகிறவள் கொண்டையூசியைக் கூடவா பொறுக்கிக்கொண்டு போவாள்? துடைத்து வைத்த வீடு என்றாலே எனக்குப் பிடிக்காது.

சரி, வந்த வேலையைப் பார்ப்போம் என்று மெஷினைத் திறந்தான். உள்ளே ஒரு சின்ன சென்சார் இருக்கும். அறை குளிர்ந்துவிட்டது, போதும் நிறுத்து என்று சொல்வது அதுதான். அதைக் கழற்றி ஐஸ் தண்ணீரில் முக்கி மீட்டரை வைத்துப் பார்த்தான். பழுதில்லை. போர்டும் புதுசு. பிறகு ஏன் நிற்கவில்லை? அப்போதுதான் ரிமோட்டைத் தேடினான். குழி விழுந்த தலையணை மேல் கிடந்தது.

"ரிமோட்டுல என்னலே இருக்கு?" இங்கே சுவரில் சாய்ந்திருக்கிற ரோச் கேட்கிறான். இவன் எதையும் நம்பமாட்டான், அது நல்ல பழக்கம். சில ரிமோட்டிலும் ஒரு சென்சார் உண்டு ரோச். அதற்கென்று ஒரு பட்டன். அமுக்கிவிட்டால், சுவரில் இருக்கிற மெஷின் தன் சூட்டைப் பார்க்காது. ரிமோட் எங்கே கிடக்கிறதோ அங்கே எவ்வளவு சூடு என்று பார்த்து ஓடும். படுத்திருக்கிற ஆள் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது. அந்த ஆளுக்குக் குளிர்ந்தால்தான் ஏசி நிற்கும்.

அந்தப் பட்டன் அமுக்கியிருந்தது. ரிமோட்டில் நாற்பது டிகிரி காட்டியது.

அறையில் பதினேழு. இவன் கொண்டுபோன தெர்மாமீட்டர் சொல்லுகிறது. அதையே அந்தத் தலையணை மேல் வைத்தான்... பதினேழு. பக்கத்திலேயே ரிமோட், நாற்பது. சரி, ரிமோட்தான் கெட்டுவிட்டது. பேட்டரியை மாற்றினான். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வைத்தான். மெதுவாக இறங்கிப் பதினெட்டில் நின்றது. பழுதில்லை. அடுத்த தலையணையில் வைத்தான். பதினேழு. மறுபடி குழி விழுந்த தலையணை... இருபத்தைந்து... முப்பத்திரண்டு... நாற்பது.

கையை வைத்துப் பார்த்தான். தலையணை சில்லென்று இருந்தது. ஈரமாகவும் இருந்தது.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் இறங்கியது. முப்பது, இருபது, பதினேழு. அங்கே இருந்தது எதுவோ, எழுந்துவிட்டது. அவன் வாசலைப் பார்த்தான். ஆனாலும் பழுது தேடுகிற கை சும்மா இருக்காது. ரிமோட்டை நுனியில் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாகத் தேடினான். பீரோ பக்கம் பதினேழு. பாத்ரூம் கதவுப் பக்கம் பதினெட்டு. வாசற்படி... ஏறியது. கையை நீட்டி அய்யாக்குட்டியின் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

நாற்பது.

"அண்ணாச்சி... உங்களுக்குக் காய்ச்சலா?"

தொட்டுப் பார்த்தான். அவர் கை குளிர்ந்துதான் இருந்தது. அவர் ரிமோட்டைப் பார்த்தார். பிறகு தன் தோளை, திரும்பாமல், கண்ணை மட்டும் ஓட்டிப் பார்த்தார்.

"அவ சாவல," என்றார். "ஓடித்தான் போனா."

செத்தாளா என்று யார் கேட்டது? யாரும் கேட்கவில்லை. சிவப்பிரகாஷுக்கு அந்த இடத்தை விட்டுத் தப்பினால் போதும் என்று இருந்தது. பழுது எது என்று தெரிந்துவிட்டதல்லவா, அந்தப் பட்டனை அமுக்கி விடுவித்தான். இனி மெஷின் தன் சென்சாரைத்தான் கேட்கும். வெளியே 'டப்' என்று கம்ப்ரஸர் நின்றது.

அப்புறம் ஒரு அமைதி. அந்த அமைதியில்... பாத்ரூமுக்குள் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம். கப்பு வாளியில் இடிக்கும். தண்ணீர் விழும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. மறுபடி இடிக்கும். உடம்பு எரிகிற ஆள் தலையில் ஊற்றிக்கொள்கிற மாதிரி.

"குழாய் ஒழுகுது," என்றார் அய்யாக்குட்டி. சொன்னவரின் உதடு வெளுத்திருந்தது.

இவன் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டான். தரை வறண்டு கிடந்தது. வாளிக்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவன், உப்பளம் தாண்டுகிற வரை திரும்பிப் பார்க்கவில்லை.

நேரே சாயர்புரம் போய் அனுசியாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"நாப்பதுன்னா ரொம்பவா தம்பி?"

"ஆளுக்கு அடிச்சா நூத்திநாலு காச்சக்கா. ஆஸ்பத்திரியில சேத்துருவாங்க."

அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். "காச்சல்ல கெடந்துருக்கா. ஒரு ஈரத்துணி போட ஆள் இல்லாம கெடந்துருக்கா... எனக்குச் சொல்லலயே," என்றாள். அப்புறம்தான் அழுதாள். போலீஸுக்கும் போனாள். ஏசி ரிமோட் சொன்னதை வைத்து என்னம்மா எழுதுவது என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு அய்யாக்குட்டி போன் செய்தார்.

"தம்பி, நீ வந்துட்டுப் போனதுலருந்து மெஷின் ஓட மாட்டேங்கு. பழையபடி ஆக்கிக் குடு. சுவத்துல கை வைக்க முடியல... அவளுக்குத் தாங்காது."

அவளுக்கு என்றார். சிவப்பிரகாஷ் கவனித்தான். பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தமும் கேட்டது. காலையில் வாரேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்துப் போட்டான். போயிருக்க வேண்டும் என்கிறீர்களா? நீங்கள் போயிருப்பீர்களா?

காலையில் உப்பளத்துக்கு வந்தவர்கள்தான் பார்த்தார்கள். ஹாலில், பாயில், செத்துக் கிடந்தார். உடம்பெல்லாம் சிவந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்து, வெப்பம் தாக்கி இறந்தார் என்று எழுதினார்கள். வீட்டுக்குள்ளே, ராத்திரியில், வெப்பம் தாக்கி.

கப்பலில் இருக்கிற மகன் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்தார்கள். பெட்டியின் கால்மாட்டில் சிவப்பு எண் ஓடும், பார்த்திருப்பீர்கள். இறங்கி இறங்கிச் சைபருக்குப் போகும். இது ஏறியது. நாற்பதில் போய் நின்றது. வாடகைக்காரர் பெட்டியை மாற்றினார். அடுத்த பெட்டியிலும் நாற்பது. கண்ணாடி உள்ளே ஆவி பிடித்து மூடிவிட்டது. துணியால் துடைத்துப் பார்த்தார்கள். செத்த ஆளுக்கு வியர்த்திருந்தது.

வந்த கூட்டத்துக்கு முகம் மாறிவிட்டது. சிவப்பிரகாஷைக் கூட்டிவந்தார்கள். அவன் சென்சாரை வெளியே எடுத்து ஐஸில் வைத்தான். சைபர். உள்ளே விட்டான். நாற்பது. எழுந்துவிட்டான்.

"பெட்டியில பழுது இல்ல," என்றான்.

அனுசியாவும் வந்திருந்தாள். என்ன இருந்தாலும் அக்கா புருஷன். உள்ளே விடவில்லை. பிச்சம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு, "ஓடிப் போனவ குடும்பத்துக்கு இங்கன என்ன..." என்று தொடங்கியிருந்தாள். சிவப்பிரகாஷ் இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னான். "அக்கா, அதே நாப்பது. அன்னைக்கு வடிவக்கா தலகாணியில பாத்த காச்சல். அவங்க இந்த வீட்ட விட்டுப் போகவே இல்ல."

பிச்சம்மாள் வாசலில் ஊன்றியிருந்த கையை எடுத்தாள். அனுசியா அவளைத் தாண்டி உள்ளே போனாள். யாரும் தடுக்கவில்லை. பெட்டியைப் பார்க்கவில்லை அவள். பெட்டியின் தலைமாட்டில், காலியாக இருந்த இடத்தைப் பார்த்து நின்றாள்.

"நீ ஓடிப் போகலன்னு எனக்குத் தெரியும்க்கா. இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிட்டு. போதும்... வா, நம்ம வீட்டுக்குப் போவோம். நான் பாத்துக்கிடுதேன்."

முப்பத்தெட்டு என்றது பெட்டி. முப்பது. இருபத்திரண்டு. பதினொன்று. நாலு.

அனுசியா திரும்பி நடந்தாள். தைல வாடை கூடத்தைக் கடந்து வாசலுக்கு வந்தது என்று சிவப்பிரகாஷ் சொன்னான். அங்கே இருந்த எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். வடிவின் உடம்பு இன்றுவரை கிடைக்கவில்லை. அத்தனை உப்பில் எங்கே தேடுவது?

வாசலில் நின்ற கூட்டம் வழி விட்டது. ஒருத்தி போகிற அளவு இல்லை, இரண்டு பேர் சேர்ந்து போகிற அளவு ஒதுங்கியது. பிச்சம்மாள் அனுசியாவைப் பார்க்கவே இல்லை. அவளுக்கு வலது பக்கம், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"பாத்து எறங்கு வடிவு... படி ஒசரம்," என்றாள்.